அசாம்ல இருக்கற காசிரங்கா தேசியப் பூங்காவுக்கு போறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நாலு சீசன் போயிருக்கேன், அதுல ஒரு தடவை வெள்ள நேரத்துல ஹைவே வழியாவும் போனேன். ரூம் ரேட் எங்கிட்ட கேக்காதீங்க. காடு, மிருகம், சீசன் பத்தி எதுவேணா கேளுங்க.

கே: மே மாச லீவுல பசங்கள கூட்டிட்டு போலாமா அக்கா?
மே மாசத்த நம்பாதீங்க. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் தைரியமா பிளான் பண்ணலாம், அப்புறம் மழை வந்து பிரம்மபுத்திரா ஏறிடும், பார்க்க மூடிடுவாங்க. பள்ளிக்கூடம் இருக்கற பசங்கன்னா அரையாண்டு லீவுதான் வழி. டிசம்பர்ல காலைல பனிமூட்டம் இருக்கும், அதனால மத்தியான சஃபாரியும் ஒண்ணு போட்டுக்கோங்க. அங்க நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், மத்தியானம் லேட்டா போய் நின்னா ஒண்ணும் பாக்க முடியாது.

கே: எப்படி போறது?
ஜோர்ஹாட் ஏர்போர்ட் கிட்ட, நூறு கிலோமீட்டருக்குள்ள. குவஹாத்தில இறங்குனா இருநூறுக்கு மேல, ரோட்டுலயே அரை நாள் போயிடும். தங்கறது கோஹோரா (பார்க்கோட நடு ரேஞ்ச்) பக்கம் வச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், பார்க் ஓரமா போற ஹைவேல டிரைவர வேகமா போக சொல்லாதீங்க, மிருகம் குறுக்க வர்ற ரோடு அது.

கே: புலி கண்டிப்பா தெரியுமா?
தெரியாது. நூத்துக்கும் மேல புலி இருக்கு, ஆனா யானைப்புல்லு ஜீப்ப விட உயரமா நிக்குது, பத்தடி தள்ளி படுத்திருந்தாலும் கண்ணுல படாது. காண்டாமிருகத்த பாக்க போங்க. 2022 கணக்குல 2,613 இருந்துச்சு, பாக்காம திரும்புறது கஷ்டம்.

கே: பிப்ரவரில காட்ட கொளுத்துறாங்களாமே, அப்ப போனா கரிதானே இருக்கும்?
அப்பதாங்க போகணும்! காஞ்ச புல்ல வனத்துறையே பகுதி பகுதியா எரிப்பாங்க, கொஞ்ச நாள்ல கருஞ்சாம்பலுக்கு நடுவுல விரல் நீளத்துக்கு பச்சையா துளிர் கிளம்பும், அத மேய மான், எருமை, காண்டாமிருகம் எல்லாம் வெட்டவெளிக்கு வந்துடும். ஒரு தடவை இன்ஜின நிறுத்திட்டு உக்காந்திருந்தோம், பீல்ல இருந்து (அங்க ஏரிய பீல்னுதான் சொல்லுவாங்க) ஒரு காண்டாமிருகம் ஏறி வந்துச்சு, முதுகுல ஆகாயத்தாமரை ஒட்டிக்கிட்டு தண்ணி சொட்ட சொட்ட, மேல ரெண்டு மைனா. அது புல்ல பிய்க்கிற சத்தம் மாடு மேயற மாதிரியே கேட்டுச்சு. சாம்பல்ல இறங்கி போட்டோ எடுக்கணும்னு மட்டும் நினைக்காதீங்க, ஜீப்ப விட்டு கால் கீழ வைக்கவே கூடாது.

கே: வருஷா வருஷம் வெள்ளத்துல மிருகம் சாகுது. ஆத்தோரமா பெரிய கரை கட்டி தடுத்துட்டா என்ன? யாருமே யோசிக்கலயா?
தம்பி, நல்ல கேள்வி. ஆனா வெள்ளத்த நிறுத்துனா காசிரங்காவே இருக்காது. பீல் எல்லாத்துக்கும் தண்ணியும் மீனும் வெள்ளம்தான் கொண்டு வருது, மூடிக்கிடக்கற ஆகாயத்தாமரைய அடிச்சுட்டு போறதும் அதுதான், புல்லுக்கு புது வண்டல் போடறதும் அதுதான். வருஷக்கணக்கா தண்ணி வராம இருந்தா புல்வெளில செடி ஏறி, மரம் ஏறி, பீல் தூர்ந்து போகும், அப்புறம் காண்டாமிருகம் எத மேயும்?

கே (அதே தம்பி): அப்ப செத்தா சாகட்டும்ங்கறீங்களா அக்கா?
அப்படி எங்க சொன்னேன்? காலங்காலமா வெள்ளம் வந்தா மிருகங்க தெக்க கார்பி ஆங்லாங் மலைக்கு ஏறிடும், தண்ணி வடிஞ்சதும் இறங்கிடும். இப்ப நடுவுல ஹைவே, ஹோட்டல், கடைன்னு வந்துடுச்சு. பன்பாரி, ஹல்திபாரி, காஞ்சன்ஜூரி மாதிரி சில வழித்தடம்தான் மிச்சம். நான் போன அந்த ஜூலைல ரோட்டோரமா பாடா மான் கூட்டம், முழங்கால் வரைக்கும் சேறு, குட்டிங்க நடுங்கிட்டு நிக்குது, தாண்டலாம்னா லாரி மேல லாரி. செக்போஸ்ட்ல நேரம் குறிச்சு கார்டு குடுக்கறாங்க, நாப்பது கிலோமீட்டர் வேகத்த தாண்டி அடுத்த செக்போஸ்ட்டுக்கு சீக்கிரம் போய் நின்னா அபராதம். கோவப்படணும்னா அந்த வழிய அடைக்கறவங்க மேல படுங்க, தண்ணி மேல படாதீங்க.

கே: தண்ணி அதிகமா ஏறுனா காட்டுக்குள்ள இருக்கறது எங்க போகும்?
உள்ளயே மண்ணக் கொட்டி மேடு போட்டு வச்சிருக்காங்க, காண்டாமிருகமும் மானும் அதுல ஏறி நிக்கும். நல்ல உதவிதான், ஆனா மலைக்கு போற வழிக்கு அது ஈடாகாது.

கே: ஆகஸ்ட்ல போலாமா?
மூடியிருக்கும். முதல் பதில படிங்க.

கே: புலிக்கு எந்த ரேஞ்ச் பெஸ்ட்?
புலி பத்தி மேல சொல்லிட்டேன்ங்க. இனி புலி கேள்விக்கு பதில் கிடையாது.

கே: பறவைக்கு?
அகரத்தோலி, அதாவது கிழக்கு ரேஞ்ச். சொஹோலா பீல் பக்கத்துல கூழைக்கடா பாக்கலாம், கூட்டமும் கம்மி. பைனாகுலர் இல்லாம போகாதீங்க.

கே (கரை கேட்ட தம்பி): சரி அக்கா, ஒத்துக்கறேன். மார்ச்ல ரெண்டு நாள் போறேன், எப்படி பிரிக்கறது?
முதல் நாள் காலைல பகோரி (மேற்கு ரேஞ்ச்), காண்டாமிருகம் அங்க கிட்டவே தெரியும். மத்தியானம் கோஹோரா. ரெண்டாவது நாள் காலைல அகரத்தோலி, அவசரப்படாம பீல் ஓரமா ஒரு மணி நேரம் நில்லுங்க. போற வழில கைடுகிட்ட அந்த வெள்ள மேட்ட காட்ட சொல்லுங்க.