மஞ்சள் 14: வெள்ளி பூத்த டெக்கால்

வணக்கம். 1:48 அளவில் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 எஃப்-4/ட்ராப் மாதிரி விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் போர் விமானி ஹான்ஸ்-யோவாகிம் மார்ஸெய் ஓட்டிய ‘மஞ்சள் 14’. இறக்கையில் ஒட்டிய சிலுவை டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) காய்ந்ததும் அடியில் வெள்ளி பூத்ததுபோல் மின்னுகிறது. எண் 14 மணல் நிறத்தின் மேல் கடுகு நிறமாகிவிட்டது. வேறு ஜெர்மன் விமானங்களில் சிலுவைக்குப் பின்னால் ஒரு கோடு உண்டே, இந்த டெக்கால் தாளில் அது ஏன் இல்லை? வால் ஸ்வஸ்திகம் இரண்டு துண்டாக இருப்பது அச்சுப்பிழையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெள்ளி பூப்பதற்குக் காரணம் டெக்கால் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட். மேட் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களால் ஆனது. டெக்கால் படலம் மேடுகளின் மேல் மட்டும் உட்கார, பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் மின்னுகிறது. மீதி டெக்கால்களை ஒட்டும் முன் டாமியா எக்ஸ்-22 போன்ற கிளாஸ் கிளியரை (பளபளக்கும் நிறமற்ற பூச்சு) மெல்லிய இரண்டு கோட்டாக அடித்து, குறைந்தது 24 மணி நேரம் காய விடுங்கள். ஒரே தடிமனான கோட்டாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே மென்மையாகவே இருக்கும். பிறகு டெக்காலை மென்மையாக்கும் மைக்ரோ சால் திரவம் பட்டதும் அந்தப் பூச்சு சுருங்கும்.

டெக்காலை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் நனைத்து வெளியே எடுத்து வையுங்கள். தாளிலிருந்து தானாக நழுவும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் டெக்கால் பிடிக்க உதவும் மைக்ரோ செட் திரவம் தடவி, டெக்காலை நகர்த்தி, ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒற்றுங்கள். அது பிடித்த பிறகுதான் மைக்ரோ சால். சால் பட்டதும் டெக்கால் சுருங்கி நெளியும். பதறிக் கையை வைத்தால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் காயும்போது தானாகவே பேனல் கோடுகளுக்குள் இறங்கிவிடும்.

ஏற்கெனவே பூத்த சிலுவையைப் பிய்க்க வேண்டாம். புதிய பிளேடின் முனையால் மின்னும் இடங்களில் மட்டும் குத்தி, சால் தடவி, இரவு முழுக்க விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் மறையும்.

கடுகு நிறத்துக்குக் காரணம் மஞ்சள் மை. அது ஒளி ஊடுருவும் மை. அடியில் உள்ள ஆர்எல்எம் 79 (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் வண்ண எண்) மணல் நிறம் மேலே எட்டிப் பார்க்கிறது. எண்ணை எடுத்துவிட்டு பெயின்டில் போடுவதே மேல். தாளைத் தண்ணீரில் நனைக்கும் முன்பே ஸ்கேன் செய்து வைப்பது நல்ல பழக்கம். ஸ்கேன் இல்லையென்றால் மறுபக்கத்து எண்ணை அளந்து மாஸ்க் வெட்டலாம். முதலில் வெள்ளை, அதன்மேல் ஆர்எல்எம் 04 மஞ்சள். உடலைச் சுற்றிய வெள்ளைப் பட்டையையும் பெயின்டிலேயே அடியுங்கள். குறுகிக்கொண்டே போகும் உடலில் நேரான டெக்கால் பட்டை ஒருபோதும் சரியாகச் சந்திக்காது. இன்னொன்று: எண் எப்போதும் மூக்குப் பக்கம், சிலுவைக்கு முன்னால். இடப்பக்கம் ஒட்டிய வரிசையை வலப்பக்கமும் அப்படியே ஒட்டி ஏமாறுபவர்கள் அதிகம்.

கோடு விடுபடவில்லை. மார்ஸெய் இருந்தது ஜேஜி 27 என்ற போர் விமானப் படைப்பிரிவின் 3ஆம் ஸ்டாஃபெல் (சிறிய அணி). அது முதல் குருப்பேயை (பல ஸ்டாஃபெல் சேர்ந்த பெரிய அணி) சேர்ந்தது. முதல் குருப்பேக்குச் சிலுவைக்குப் பின்னால் குறி கிடையாது. இரண்டாம் குருப்பேக்குப் படுக்கைக் கோடு, மூன்றாவதற்குக் குத்துக் கோடு அல்லது அலைக் கோடு. எண்ணின் நிறம் ஸ்டாஃபெலைச் சொல்லும்: குருப்பேயின் முதல் ஸ்டாஃபெலுக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு அல்லது கறுப்பு, மூன்றாவதற்கு மஞ்சள். எண்ணையும் கோட்டையும் பார்த்தாலே எந்தப் பிரிவு என்று படித்துவிடலாம். உதிரித் தாளிலிருந்து அழகுக்காக ஒரு கோட்டைச் சேர்த்தால் விமானம் வேறு குருப்பேக்கு மாறிவிடும்!

இரண்டு துண்டு ஸ்வஸ்திகமும் பிழையல்ல. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. அதனால் சில நிறுவனங்கள் சின்னத்தையே விட்டுவிடுகின்றன, சில உடைத்து அச்சிடுகின்றன. முதல் துண்டை ஒட்டி முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பொருத்துங்கள். 45 டிகிரி சாய்ந்து நிற்கும் சின்னம் இது. வாலின் இரு பக்கத்திலும் கைகள் ஒரே திசையில்தான் திரும்பும், கண்ணாடிப் பிம்பமாக அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்று. காக்பிட்டுக்குப் பின்னால் இடப்பக்கம் வரும் மஞ்சள் முக்கோணத்தில் ‘87’ இருக்க வேண்டும். எஃப்-4இன் டிபி 601இ எஞ்சின் 87 ஆக்டேன் பெட்ரோலில் ஓடியது. ‘சி3’ அல்லது ‘100’ என்றிருந்தால் அது டிபி 601என் பொருத்திய எஃப்-2க்கு உரியது.

அடுத்து வால் சுக்கான். இலை மாலை வடிவத்தின் நடுவே ‘100’ (வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கை) எழுதிய சுக்கான் உங்கள் தாளில் இருந்தால், அந்த விமானத்தை 1942 ஆகஸ்ட், செப்டம்பர் மாத நிலையில்தான் காட்ட முடியும். மார்ஸெய் நூறைத் தொட்டது ஜூன் 17. உடனே விடுப்பில் போய் ஆகஸ்டில்தான் திரும்பினார். செப்டம்பர் 30 அன்று அவர் இறந்தது இந்த எஃப்-4இல் அல்ல, ஜி-2இல். எனவே அந்தச் சுக்கானோடு கட்டினால் வெயிலில் வெளுத்த மணல் நிறமும் புகை படிந்த எக்ஸாஸ்ட்டும் பொருந்தும். அதற்கு முந்தைய சுக்கான் என்றால் அந்த மாலை கூடாது.