குழாய்த் தண்ணீருக்கும் காசா?

கே: லண்டனில் ஒரு உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டேன். பாட்டில்தான் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டம் இல்லையா?

ப: இருக்கிறது, ஆனால் எல்லாக் கடைக்கும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், உள்ளேயே உட்கார்ந்து குடிக்க மது விற்கும் உரிமம் வாங்கிய இடம் பப்பானாலும் உணவகமானாலும், வாடிக்கையாளர் கேட்டால் குடிதண்ணீரை இலவசமாகத் தந்தாக வேண்டும். 2010 முதல் இது உரிமத்தின் கட்டாய நிபந்தனை. ஸ்காட்லாந்திலும் அப்படித்தான். குழாயில் தண்ணீரே வராத நாள் என்றால் வேறு விஷயம். அவர்களாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றில்லை, நாம்தான் கேட்க வேண்டும். அப்புறம், மது உரிமம் இல்லாத காபிக் கடைக்கு இந்தக் கட்டாயமே கிடையாது (கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், அது அவர்கள் நல்ல மனசு). உங்கள் உணவகத்தில் மது விற்றார்களா? விற்றார்கள் என்றால், உள்ளூர் கவுன்சிலின் உரிமப் பிரிவில் தாராளமாகப் புகார் கொடுங்கள்.