டயலில் இருக்கும் பெயர் யாருடையது?

கேள்வி: "பாரிஸ் பழம்பொருள் சந்தையில் தங்கமுலாம் பூசிய பழைய மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கினேன். வெள்ளை டயலில் ஒரு பெயரும், கீழே 'ஆ பாரி' (பாரிஸில்) என்றும் எழுதியிருக்கிறது. அவர்தான் இதைச் செய்தவரா? பழைய ஆங்கிலேயக் கடிகாரங்களிலும் இப்படித்தானா?"

அநேகமாக அவர் செய்தவர் இல்லை. கடை வைத்து விற்றவராக இருக்கலாம். அல்லது ஐந்தாறு பேர் கை பட்ட பொருளில் உள்ளே இருக்கும் எந்திரத்துக்கு மட்டும் பொறுப்பேற்றவராக இருக்கலாம். லண்டன் கதை வேறு, ஆனால் அங்கேயும் பிற்பாடு நிலைமை மாறியது.

நான் தொழில்முறை ஆள் இல்லை. லண்டனில் வேறு வேலை. விடுமுறை நாட்களில் பழைய கடிகாரங்களைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டுவது பழக்கம். வீட்டில் அதற்கு என்ன மரியாதை என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் லண்டன். 1656-ல் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெண்டுலத்தைக் கடிகாரத்தோடு சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை ஒரு கடிகாரம் நாளுக்குக் கால் மணி நேரம் முன்பின் ஓடினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஹைகன்ஸுக்குக் கடிகாரம் செய்து கொடுத்தவர் தி ஹேக் நகரத்து சாலமன் கோஸ்டர். அவருடைய பட்டறையில் 1657-ல் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். லண்டன் கடிகாரக்காரர் அஹாசுவெரஸ் ஃப்ரொமன்டீலின் மகன் ஜான். மறு வருஷமே லண்டன் செய்தித்தாளில் ஃப்ரொமன்டீலின் பெண்டுலக் கடிகார விளம்பரம் வந்துவிட்டது. தொழில் ரகசியம் கடல் தாண்ட அவ்வளவு நேரம்தான் பிடித்தது!

1670 வாக்கில் நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் வந்தது. பல்சக்கரத்தை ஒரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுகிற உறுப்புக்குத்தான் எஸ்கேப்மென்ட் என்று பெயர், நாம் கேட்கும் டிக்-டிக் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பழைய வகையில் பெண்டுலம் இருபுறமும் அகலமாக வீசும். நங்கூர வகையில் கொஞ்சமாக அசைந்தால் போதும். அதனால் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீண்ட பெண்டுலத்தை ஒடுக்கமான மரப்பெட்டிக்குள் தொங்கவிட முடிந்தது. அந்த நீளத்துக்கு ஒரு வீச்சு சரியாக ஒரு விநாடி. ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆங்கிலேயக் கடிகாரம் இப்படித்தான் உருவானது.

இந்தக் காலத்து லண்டனில் டயலில் பெயர் போடுபவர்தான் பட்டறையின் முதலாளி. சக்கரம் வெட்டுபவர், தகடு செதுக்குபவர், பெட்டி செய்யும் தச்சர் எல்லாரும் அவருக்காக வேலை செய்பவர்கள். தச்சர் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. தாமஸ் டாம்பியன் இந்த முறையின் உச்சம். பெட்ஃபோர்ட்ஷயரில் கொல்லர் மகனாக 1639-ல் பிறந்தவர். 1676-ல் கிரீனிச் வானாய்வகத்துக்கு அவர் செய்து கொடுத்த இரண்டு கடிகாரங்களுக்குப் பெண்டுலம் 13 அடி. ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒரு வருஷம் ஓடும். பூமி ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்காக வானியலாளர் ஃப்ளாம்ஸ்டீடுக்கு அவை தேவைப்பட்டன. மூன்றாம் வில்லியம் மன்னருக்காகச் செய்த கடிகாரம் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மேசை மேல் வைக்கிற அளவுதான், ஸ்பிரிங்கில் ஓடுவது. அதுவும் வருஷத்துக்கு ஒரு சாவி, அதோடு மணியும் அடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு மணி அடிப்பது 156 தடவை, வருஷத்துக்கு 56,940. ஒரே முறுக்கில்! லண்டன் வந்தால் அரச நகைகளைப் பார்க்கிற வரிசையில் நிற்பதற்குப் பதில் இதைப் போய்ப் பாருங்கள், கூட்டமும் இருக்காது.

டாம்பியன் தன் கடிகாரங்களுக்கு வரிசை எண் போட்டார். சுமார் 650 கடிகாரங்கள், 5,500 பாக்கெட் வாட்சுகள் என்று சொல்வார்கள். பெயருக்கு மவுசு வந்ததும் போலிகளும் வந்துவிட்டன. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், உண்மையோ பொய்யோ. அவர் பெயர் பொறித்த வாட்சை ஒருவர் ரிப்பேருக்குக் கொண்டுவந்தாராம். டாம்பியன் பார்த்த மாத்திரத்தில் அதை உடைத்துப் போட்டுவிட்டு, இந்தாருங்கள் நான் செய்தது என்று வேறொன்றைக் கையில் கொடுத்தாராம்.

என் சொந்த விருப்பம் கேட்டால் டாம்பியன் இல்லை, ஜோசப் நிப். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 1670 வாக்கில் லண்டனுக்கு வந்தவர். அவர் செய்த சில கடிகாரங்களில் இரண்டு மணிகள் இருக்கும், ஒன்று கீச்சுக் குரல், மற்றொன்று கனத்த குரல். ரோமன் எண்ணில் 'ஐ' என்ற கோடு வந்தால் சின்ன மணி ஒரு அடி, 'வி' வந்தால் பெரிய மணி ஒரு அடி, 'எக்ஸ்' என்றால் இரண்டு 'வி', அதனால் பெரிய மணி இரண்டு அடி. நாலு மணிக்குச் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. ஆறு மணிக்கு அதையே திருப்பிப் போட்டு, பெரியது முதலில். பன்னிரண்டு மணிக்குப் பெரியது இரண்டு, சின்னது இரண்டு, ஆக நாலே அடி. சாதாரணக் கடிகாரம் 12 மணி நேரத்தில் 78 முறை அடிக்கும் இடத்தில் இது 30 முறைதான் அடிக்கும். அடி குறைந்தால் விசை மிச்சம், ஒரு தடவை சாவி கொடுத்தால் கூடுதல் நாள் தாங்கும். இந்த வகையை அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. பழைய டயல்களில் நாலு என்பதை நாலு கோடாகத்தான் போடுவார்கள். நிப் இந்தக் கடிகாரங்களில் மட்டும் 'ஐவி' என்று போட்டிருப்பார், இல்லாவிட்டால் அடிக்கிற கணக்கும் எழுதிய கணக்கும் உதைக்கும்.

டாம்பியனின் அண்ணன்-தம்பி வழிப் பெண்ணைக் கட்டியவர் ஜார்ஜ் கிரஹாம். 1715 வாக்கில் அவர் கொண்டுவந்த எஸ்கேப்மென்டில் விநாடி முள் பின்னால் உதறாது, அடித்த இடத்தில் அப்படியே நிற்கும். வெயிலில் பெண்டுலக் கம்பி நீண்டு கடிகாரம் மெதுவாகிவிடும் என்பதால், குண்டுக்குப் பதில் பாதரசம் நிரப்பிய குப்பியைத் தொங்கவிட்டார். கம்பி கீழே நீள, பாதரசம் மேலே எழும்பும், இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். வானாய்வகக் கடிகாரங்களில் கிரஹாம் வழியில் பேர் வாங்கியவர் ஜான் ஷெல்டன். 1769-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க கேப்டன் குக் தஹிதிக்குப் போனபோது கொண்டுபோனது ஷெல்டன் கடிகாரம். அவர் செய்த இன்னொன்று மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்தது, இன்று கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. கொடைக்கானல் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிரஹாம் 1751-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் டாம்பியனின் கல்லறையிலேயே அவரையும் வைத்தார்கள். கடிகாரக்காரர்களுக்கு லண்டன் கொடுத்த மதிப்பு அது. கடல் பயணத்துக்கான கடிகாரம் செய்த ஹாரிசனைப் பற்றி ஏற்கெனவே இந்தத் தளத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இப்போது பாரிஸ். அங்கே தொழில் சங்கங்களின் சட்டம் கறாரானது. கடிகாரக்காரர் எந்திரம் மட்டும் செய்யலாம். வெண்கலம் வார்ப்பவர் வேறு சங்கம், முலாம் பூசுபவர் வேறு, மரவேலைக்காரர் வேறு. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்தால் வழக்கு. வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் அறையில் நிற்கும் வானியல் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 9999 வரைக்கும் தேதி காட்டக்கூடியது. கணக்குப் போட்டு வடிவமைத்தவர் பாஸ்மான், எந்திரத்தைச் செய்தவர் டோத்தியோ, வெண்கல உடம்பு காஃபியேரி குடும்பத்தாருடையது. இதை யார் செய்தார் என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது?

வாங்குபவர்களின் பார்வையும் வேறு. பாரிஸில் கடிகாரம் என்பது கணப்படுப்பு மாடத்தின் மேல் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு நடுவே வைக்கிற சிற்பம். அதனால் சிற்பிக்கும் முலாம்காரருக்கும் போன காசு சில சமயம் கடிகாரக்காரருக்குப் போனதை விட அதிகம். முலாம்காரர் பாவம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்கலத்தில் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார். அந்தப் புகை நுரையீரலுக்குள் போகும். உங்கள் கடிகாரத்தில் அந்த முலாம் இருந்தால், ஓரிடத்தில் மினுமினுப்பாகவும் பக்கத்திலேயே மங்கலாகவும் விட்டிருப்பார்கள். பிற்கால மின்முலாம் எங்கும் ஒரே பளபளப்பாக இருக்கும். வெண்கலத்தில் எங்காவது கிரீடம் வைத்த ஒரு பொடி 'சி' முத்திரை தென்பட்டால் எனக்கு உடனே எழுதுங்கள். 1745 முதல் 1749 வரை மட்டும் வசூலித்த வரியின் முத்திரை அது.

பெயருக்காகப் பாரிஸில் நடந்த பெரிய சண்டை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1753-ல் 21 வயதுக் கடிகாரக்காரர் ஒருவர், பியேர் ஓகுஸ்தேன் காரோன், புது மாதிரி எஸ்கேப்மென்ட் ஒன்றைச் செய்து, பெரிய மனிதர் என்ற நம்பிக்கையில் அரசக் கடிகாரக்காரர் ழான் ஆந்த்ரே லபோத்திடம் காட்டினார். சில வாரங்களில் லபோத் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று பத்திரிகையில் அறிவித்துவிட்டார். பையன் சும்மா இருக்கவில்லை, அறிவியல் அகாடமிக்கே முறையீடு எழுதினான். 1754-ல் அகாடமி காரோன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரண்மனைக் கதவும் திறந்தது. எழுத்தின் பலத்தை அப்போது ருசி பார்த்தவர் பிறகு கடிகாரத்தை விட்டு நாடகத்துக்குப் போனார், பெயரையும் போமார்ஷே என்று மாற்றிக்கொண்டார். ஃபிகாரோ என்ற நாடகப் பாத்திரத்தைப் படைத்தவர் அவர்தான்.

லபோத்தை வில்லனாக மட்டும் நினைக்க வேண்டாம், கடிகாரங்கள் தரமானவை. அவர் மனைவி நிக்கோல் ரேன் இன்னும் பெரிய மூளை. கணவரின் கடிகாரக் கலை நூலுக்குப் பெண்டுலங்களின் நீளத்துக்கான அட்டவணையைக் கணக்கிட்டுக் கொடுத்தவர். ஹாலி வால் நட்சத்திரம் 1759-ல் எப்போது திரும்பும் என்று கணித அறிஞர் கிளேரோ சொன்னாரே, அதற்கு வானியலாளர் லலாந்தும் இந்த அம்மாவும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கிளேரோவின் நூலில் அவர் பெயர் வரவில்லை. இப்போது நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

போலியைத் தடுக்க, பாரிஸ் கடிகாரக்காரர் ப்ரெகே தனக்கென ஒரு வழி கண்டார். வாட்சுகளில் போலி பெருகியதால் 1795 வாக்கில் டயலில் 12-க்குப் பக்கத்தில் ஒரு ரகசியக் கையெழுத்தைக் கீறத் தொடங்கினார். நேராகப் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

சரி, உங்கள் கடிகாரத்துக்கு வருவோம். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அந்தக் காலத்தில் உருண்டை டப்பா போன்ற எந்திரத்தை ஸ்விஸ் எல்லையை ஒட்டிய பகுதியில் மொத்தமாகச் செய்து பாரிஸுக்கு அனுப்பினார்கள். ஜாப்பி, மார்த்தி இரண்டும் பெரிய பெயர்கள். ஜாப்பி குடும்பம் 1777-லிருந்து போக்கூர் என்ற ஊரில் பட்டறை இயந்திரங்களை வைத்துக் கடிகார உதிரிபாகம் செய்தவர்கள். பாரிஸ் கடைக்காரர் அதை வாங்கி, பெட்டியில் பொருத்தி, டயலில் தன் பெயரை எழுதிவிடுவார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, சரியாக ஓடும் என்பதற்கு அவர்தான் பொறுப்பு.

பின்கதவைத் திறந்து மணியின் நடுத் திருகைக் கழற்றுங்கள். பின்தகட்டில் வட்ட முத்திரை இருந்தால், அதில் பெயர் இருப்பவரே பெரும்பாலும் எந்திரம் செய்தவர். முத்திரையில் ஆண்டு இருந்தால் அது கண்காட்சியில் பதக்கம் வாங்கிய ஆண்டு, செய்த ஆண்டு இல்லை. வின்சென்தி என்ற எந்திரக்காரரின் முத்திரையில் 1834 என்று இருப்பதைப் பார்த்து விலை ஏற்றுகிற வியாபாரிகள் உண்டு, அதே முத்திரை அதன் பிறகும் பல காலம் விழுந்தது. தகட்டின் கீழ் ஓரத்தில் வரிசை எண்ணுக்குத் தள்ளி '5  4' மாதிரி இடைவெளி விட்டு இரண்டு எண்கள் இருக்கும். பெண்டுலத்தின் நீளம் அது, பழைய பிரெஞ்சு அங்குலத்தில் 5 அங்குலம் 4 வரி, நம் கணக்கில் சுமார் 14.4 சென்டிமீட்டர். பெண்டுலம் தொலைந்து போன கடிகாரத்துக்கு இந்த இரண்டு எண்தான் கதி. மெட்ரிக் முறையைக் கண்டுபிடித்த நாடு பெண்டுலத்துக்குப் பழைய அங்குலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது! பெண்டுலம் பட்டுநூலில் தொங்கினால் பெரும்பாலும் 1840-களுக்கு முந்தியது. டயலில் 12-க்கு மேல் பொடிச் சாவித் துளை இருந்தால், முன்பக்கமிருந்தே பெண்டுல நீளத்தைச் சரிசெய்யும் ப்ரோக்கோ முறை, அதற்குப் பிந்தியது.

இங்கிலாந்திலும் பிற்பாடு இதே கதைதான். 1772-ல் பர்மிங்காமில் ஆஸ்போர்ன், வில்சன் இருவரும் வெள்ளை வண்ணம் பூசிய டயல்களை விற்க ஆரம்பித்த பிறகு, ஊருக்கு ஊர் கடைக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆள் உயரக் கடிகாரம் வாங்குவதானால் இன்னொரு தொல்லை, எந்திரம் ஒரு வீட்டுடையது, பெட்டி இன்னொரு வீட்டுடையது. எந்திரத்தை வெளியே எடுத்து, அது உட்காரும் பலகையில் காரணம் இல்லாத பழைய துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மணியைக் கழற்றிப் பின்தகட்டை ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தயவுசெய்து பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பாதரச முலாம் மெல்லியது, ஒரு தடவை உரிந்தால் உரிந்ததுதான்.