கடைசியாக வந்த பையன்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஆள் எடுத்தபோது 100 மீட்டரில் கடைசியாக வந்தான். "இவனுக்கு விளையாட்டெல்லாம் வராதுங்க, படிக்க வைங்க" என்று பி.டி. வாத்தியார் சொல்லிவிட்டார். ஆனால் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் அவங்க அப்பா சைக்கிளுக்கு ஈடுகொடுத்து ஓடுகிறான். விளையாட்டை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கட்டுமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. கடிதத்தின் கடைசி வரிகளில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

100 மீட்டரில் தெரிவது உடம்பின் ஒரு திறமைதான். சட்டென்று சுருங்கும் தசைநார்கள் அதிகம் உள்ளவர்கள் அதில் முந்துவார்கள். அது பெரும்பாலும் பிறவியில் அமைவது. நெடுநேரம் ஓடுவதற்கு மெதுவாகச் சுருங்கும் தசைநார்களும், இதயமும் நுரையீரலும் வேண்டும். 2022இல் பெர்லின் மராத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்த கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே, ஒலிம்பிக் 100 மீட்டரில் முதல் சுற்றையே தாண்டமாட்டார். அவருக்கு விளையாட்டு வராது என்று யார் சொல்வார்கள்?

வயதையும் பாருங்கள். சில பையன்கள் 12லேயே மளமளவென்று வளர்ந்துவிடுகிறார்கள், சிலருக்கு 14, 15 ஆகிறது. ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் குழந்தை முகம் மாறாதவனும் ஒன்றாக ஓடினால், முதலில் வருபவன் பல சமயம் முதலில் வளர்ந்தவன்தான். இந்த வயதில் ஒரு ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பனை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் காலில் பேருந்து ஏறியதில் அவரது வலது கால் சிதைந்தது. வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவரும் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரீஸில் வெண்கலம்.

அதனால் வாத்தியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மகனோடு போய், "600 மீட்டர்ல ஒருக்கா ஓடவிட்டுப் பாருங்க சார்" என்று கேளுங்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கு அந்த ஓட்டம் உண்டு. இப்போதே ஒன்றிலேயே கட்டிப்போடாமல் கபடி, நீச்சல் எல்லாம் ஆடட்டும். வாரத்தில் ஓரிரு நாள் ஓட்டத்துக்கு ஓய்வு கொடுங்கள். வளரும் வயதில் குதிகாலோ முழங்காலோ தொடர்ந்து வலித்தால், தைலம் தேய்த்து ஓடவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். டியூஷன் தேவைப்பட்டால் மாலையில் வைத்துக்கொள்ளலாம். காலை ஓட்டத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.