24 முட்டை வெச்சேன், 2 தான் பொரிச்சுது. சேவலை மாத்தணுமா?

மாத்தாதீங்க. அதை முதல்ல சொல்லிடறேன், மீதியை பொறுமையா படிங்க.

வீட்டு இன்குபேட்டர்ல 24 நாட்டுக்கோழி முட்டை வெச்சு 2 தான் வந்துச்சு, சேவல்ல கோளாறா மெஷின்ல கோளாறான்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு பதில் சொன்னவங்க எல்லாம் "சேவல் வீக்கா இருக்கும், வேற வாங்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதை பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. இதே யோசனையை கேட்டுதான் நான் ஒரு நல்ல சேவலை கொழம்பு வெச்சு தின்னேன்.

நான் கால்நடை டாக்டர் இல்ல, பண்ணையும் இல்ல. காட்பாடியிலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி வீடு, பின்னாடி கொஞ்சூண்டு எடத்துல வலை அடிச்சு நாலு சிறுவிடை (சின்ன சைஸ் நாட்டுக்கோழி) பொட்டை, ஒரு சேவல், அவ்ளோதான். அதனால "எத்தனை வருஷ அனுபவம்"னு கேக்கறவங்க இப்பவே கெளம்பிடலாம்.

அந்த சேவல் குடியாத்தம் பக்கத்துலேருந்து எங்க அண்ணன் கொண்டாந்து குடுத்தது. மொட்டக்கழுத்து. கழுத்துல முடியே இருக்காது, செவசெவன்னு தோல் மட்டும் தெரியும், பாக்க அழகுன்னு சொல்ல முடியாது. "வேலூர் வெயிலுக்கு இதான் பாப்பா தாங்கும், மத்ததெல்லாம் வாயை பொளந்துகினு நிக்கும்"னு சொல்லி மஞ்சப்பையில தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி பஸ்ல எடுத்துகினு வந்தாரு, கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கேட்டாராம். அண்ணன் சொன்னது நெஜம்தான். உடம்புல முடி கம்மியா இருக்கறதால சூடு சீக்கிரம் வெளிய போயிடும். சித்திரை மத்தியானத்துல பொட்டைங்க றெக்கையை தொங்கப்போட்டு மூச்சு வாங்கினு கெடக்கும், இது மட்டும் குப்பையை கெளறிகினே இருக்கும்.

மெஷின் எங்க வீட்டுக்காரர் பண்ணது. தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு ரெண்டு, பழைய கம்ப்யூட்டர்ல இருந்த ஃபேன், சூட்டை கட்டுப்படுத்த ஆன்லைன்ல வாங்கின டபிள்யூ 1209 கண்ட்ரோலர். 37.5 டிகிரி. காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரை உள்ள வெச்சு சரிபாத்தோம், உள்ள கிண்ணத்துல தண்ணி வெச்சோம், நான் காலைல, மத்தியானம், ராத்திரின்னு மூணு தடவை தவறாம திருப்பினேன். ஒண்ணுல கூட கொறை வெக்கல. ஆனா முட்டை சேத்து வெச்ச விஷயத்துலதான் கோட்டை விட்டுட்டேன். 30 முட்டை சேர்ற வரைக்கும் 15 நாள், எல்லாத்தையும் கூடையில போட்டு ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருந்தேன். சிமெண்ட் ஷீட் போட்ட சமையக்கட்டு, கத்திரி வெயில், வெளிய 40 தாண்டுது, ஃப்ரிட்ஜ் மேல கையை வெச்சாலே சுடும். இதெல்லாம் இப்ப தெரியுது.

ஏழாவது நாள் ராத்திரி லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச் மேல அட்டையில ஓட்டை போட்டு ஒவ்வொரு முட்டையா வெச்சு பாத்தேன். நல்ல முட்டையில நடுவுல கருப்பா பொட்டு, அதுலேருந்து சிலந்தி கால் மாதிரி ரத்த நரம்பு ஓடும். எனக்கு அப்படி இருந்தது ஆறே ஆறு. மீதி பாதி வெறும் வெளிச்சமா இருந்துச்சு, பாதியில செவப்பு நூலை வட்டமா சுத்தி வெச்ச மாதிரி ஒரு வளையம். எல்லாத்தையும் கூமுட்டைன்னு முடிவு பண்ணி குஞ்சு விக்கற ஒருத்தருக்கு போன் போட்டேன். அவரு பாக்காமலே "கரு ஏறல மேடம், சேவல் வேஸ்ட், நம்மகிட்ட நல்ல சேவல் இருக்கு"ன்னாரு. விக்கறவரு வேற என்ன சொல்லுவாரு, எனக்குதான் புத்தி இல்ல.

அந்த ஞாயித்துக்கெழம ஆரணியிலேருந்து நாத்தனார் குடும்பத்தோட வந்தாங்க. அத்தை (எங்க மாமியார்) மட்டும் "ஏம்மா, அது நல்லாதான மிதிக்குது, அத எதுக்கு?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நான் யூட்யூப் பாத்த தைரியத்துல இருந்தேன். சேவல் கொழம்பாயிடுச்சு. அண்ணன் போன் பண்ணப்போ கீரி தூக்கிட்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். (அவரு இந்த மாதிரி தளமெல்லாம் படிக்க மாட்டாரு, அந்த நம்பிக்கையிலதான் எழுதறேன்.) மிச்சம் இருந்த ஆறுல நாலு பொரிச்சுது, நாலுமே சாதா கழுத்து.

எங்க தெருவுல ரிட்டயர் ஆன கால்நடை ஆய்வாளர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட ஒருநா பேச்சுவாக்குல செவப்பு வளையத்தை பத்தி சொன்னேன். "ரத்தம் இருந்துச்சுன்னா கரு இருந்துச்சுன்னுதானம்மா அர்த்தம், சேவல் மேல என்ன தப்பு?"ன்னாரு. எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. அவரு சொன்னது இதான்: முட்டை 24, 25 டிகிரிக்கு மேல இருந்தாலே உள்ள இருக்கற கரு லேசா வளர ஆரம்பிச்சுடும். பொரிக்கற சூடும் இல்லாம, தூங்கற குளுமையும் இல்லாம அரைகுறையா வளந்து மெஷினுக்கு போறதுக்கு முன்னாடியே வீக்காயிடும், இல்ல போன ரெண்டு மூணு நாள்ல செத்துடும், அந்த ரத்தம்தான் வளையமா நிக்கும். 15லேருந்து 18 டிகிரியில கூர்முனை கீழ இருக்கற மாதிரி வெச்சு ஏழு நாளுக்குள்ள அடைக்கு வெச்சிடணும். ஃப்ரிட்ஜுக்குள்ள 4, 5 டிகிரி, அதுவும் ஆகாது.

15 டிகிரிக்கு வேலூர்ல எங்க போறதுன்னு கேப்பீங்க. அத்தை என்கிட்ட சொல்லாமலே ஒண்ணு பண்ணிகினு இருந்தாங்க. அகலமான மண்தொட்டியில ஈர மணல், அதுல பாதி பொதைச்ச சின்ன பானை, உள்ள கேழ்வரகு, அதுல சொருகின முட்டை, மேல ஈரத்துணி. காத்து காஞ்சு கெடக்கற ஊருன்றதால தண்ணி ஆவியாகி பானை ஜில்லுன்னு இருக்கும். சென்னை மாதிரி பிசுபிசு ஊர்ல இவ்ளோ ஜில்லுன்னு ஆகாது. 15 வராதுதான், ஆனா ஃப்ரிட்ஜ் மேல வெக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

மணல்னு சொன்னதும் ஞாபகம் வருது. பாலாறு பக்கத்துலயே இருக்கு, நாங்க ஒரு பக்கெட் ஆத்து மணலுக்கு எங்க எங்கயோ அலைஞ்சோம். சின்ன வயசுல ஆத்துல ஊத்து தோண்டி குடிச்சிருக்கேன். இப்ப வீடு கட்டற எடத்துல கேட்டா எம் சாண்ட் அள்ளி தர்றாங்க, அது கல்லு மாவு, தண்ணி ஊத்தினா இறுகி சிமெண்ட் மாதிரி உக்காந்துக்குது. 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்போ பாலாத்தை பாக்க ஊரே பாலத்து மேல நின்னு செல்ஃபி எடுத்துச்சு, மணலை அள்ளினப்போ ஒருத்தரும் போய் நிக்கல. சரி விடுங்க, நான் கோழிக்கு வரேன்.

சேவலை அறுத்த மறுநாள்லேருந்து விழுந்த முட்டையைத்தான் அத்தை அந்த பானையில சேத்திருக்காங்க. அவங்களுக்கு தேதி எழுத வராது, கரித்துண்டால கோடு போடுவாங்க. திங்கக்கெழம முட்டைக்கு ஒரு கோடு, செவ்வாய்க்கு ரெண்டு கோடு. எட்டு கோடு வரைக்கும் ஒன்பது முட்டை. கருப்பின்னு ஒரு பொட்டை கூடையை விட்டு எழுந்திருக்காம சிலுப்பிகினு அடை உக்காந்துச்சு, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒன்பதையும் அதுக்கு அடியில வெச்சாங்க. கூட ரெண்டு கரித்துண்டு, ஒரு ஆணி, காஞ்ச மொளகா. இடி இடிச்சா முட்டை கெட்டுப் போவாதாம். அதுக்கு அறிவியல் கேக்காதீங்க, எனக்கு தெரியாது, நான் எடுக்கவும் இல்ல.

"சேவலே இல்லாம எதுக்கு அத்தை"ன்னு நான் சிரிச்சேன். 21-ஆவது நாள் காலைல கருப்பிக்கு அடியில கையை விட்டு அத்தை ஒவ்வொண்ணா எடுத்து முந்தானையில போட்டாங்க. ஏழு குஞ்சு. அதுல நாலுக்கு கழுத்துல முடியே இல்ல, ஈரம் காயாத செவப்பு கழுத்து, அப்படியே அவங்கப்பன். எட்டு கோடு போட்ட முட்டை கூட பொரிச்சுது.

"பக்கத்து வீட்டு சேவல் மிதிச்சிருக்கும்"னு சொல்ல வர்றவங்களுக்கு: சுத்தி வலை, அதுவும் இல்லாம எங்க தெருவுல வேற மொட்டக்கழுத்தே கெடையாது, பொட்டை நாலுமே சாதா கழுத்து. ஒரு தடவை சேவல் சேந்தா அந்த விந்தை பொட்டை உள்ளயே ரெண்டு வாரம் வரைக்கும் உயிரோட வெச்சிருக்கும், அதனால சேவல் போன பிறகும் விழற முட்டை கொஞ்ச நாளைக்கு பொரிக்கும். வீக்குன்னு நான் அறுத்த சேவல், செத்த பிறகும் ஏழு குஞ்சு குடுத்துச்சு.

உங்களுக்கு வரேன். பொரிக்காத அந்த 22-ஐ தூக்கி போட்டுட்டீங்களா? இருந்தா தூரமா எடுத்துகினு போய் மூக்கை பொத்திகினு ஒடைச்சு பாருங்க. கருவோட தடமே இல்லாம வெறும் மஞ்சக்கருவா இருந்தா மட்டும் சேவல் மேல சந்தேகப்படுங்க. ரத்த வளையம் இருந்தா பெரும்பாலும் முட்டை சேத்து வெச்ச எடம்தான், இல்லேன்னா மெஷின் சூடு. முழுசா வளந்து ஓட்டுக்குள்ளயே செத்திருந்தா பெரும்பாலும் கடைசி மூணு நாள் ஈரப்பதம் பத்தாம இருந்திருக்கும், 65, 70 சதவீதம் வேணும், அந்த நேரத்துல ஆசைக்கு மூடியை தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா உள்தோல் காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கும். வந்த ரெண்டு குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல வெள்ளக்கழிச்சல் சொட்டு மருந்து விட்டுடுங்க, அதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. நோய்க்கு பேரு ராணிகெட், அது உத்தரகாண்ட்ல இருக்கற ஊரு, தடுப்பு மருந்து பண்ற அரசு நிலையம் 1932-லேருந்து நம்ம ராணிப்பேட்டையில, ரெண்டையும் ஒண்ணுன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிகினு இருந்தேன்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தாரு. நாலுல ஒண்ணு சேவலாகி அப்பதான் அரைகுறையா கூவ ஆரம்பிச்சிருந்துச்சு. காபி ஆறிப்போற வரைக்கும் அதையே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நல்ல கீரிதான் பாப்பா"ன்னாரு.