ஷேவ் பண்ண இடத்துல மட்டும் முடி கருப்பா முளைக்குது, பூனைக்கு என்ன ஆச்சு?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "டாக்டர், எங்க சயாமீஸ் பூனைக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் ஆகுது. விலாப் பக்கம் ஷேவ் பண்ண இடத்துல இப்ப முடி கரும்பழுப்பா முளைச்சிருக்கு, மத்த உடம்பெல்லாம் க்ரீம் கலர்தான். தையல் போட்டதுல ஏதும் தப்பாயிடுச்சா? இன்னொன்னு, வாங்கினப்போ குட்டி முழு வெள்ளை, இப்ப காது மூஞ்சி வால் எல்லாம் கருத்துப்போச்சு, வித்தவங்க ஏமாத்திட்டாங்களோன்னு வீட்ல தினம் பேச்சு."

முதல்ல நிம்மதியா இருங்கம்மா. தையலும் தப்பில்ல, யாரும் ஏமாத்தவும் இல்ல. ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான், சூடு.

முடிக்கு கலர் குடுக்குறது மெலனின்னு ஒரு நிறமி, அதை முடியோட வேர்ல இருக்கிற செல்லுங்க தயார் பண்ணுது. அந்த வேலைக்கு டைரோசினேஸ்னு ஒரு என்சைம் வேணும். சயாமீஸ் பூனைக்கு அந்த என்சைமோட ஜீன்ல ஒரு சின்ன மாற்றம் இருக்கு, அதனால சூடு பட்டா அது சரியா வேலை செய்யாது, குளிர்ச்சியான இடத்துலதான் செய்யும். பூனையோட உடம்புச் சூடு 38, 39 டிகிரி, அதனால வயிறு முதுகுல எல்லாம் என்சைம் கிட்டத்தட்ட தூங்கிட்டு இருக்கும், முடி வெளிறி வரும். காது நுனி, மூக்கு, பாதம், வால் இதெல்லாம் ஓரத்துல இருக்கு, சூடு கம்மி, அங்க என்சைம் முழிச்சுக்கும், முடி கருக்கும். காது நுனியைத் தொட்டுப் பார்த்துட்டு உடனே வயித்துல கை வச்சுப் பாருங்க, உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

தாய் வயித்துக்குள்ள எல்லா இடமும் ஒரே கதகதப்பு, அதனாலதான் குட்டி வெள்ளையா பொறக்குது, வெளிய வந்து சில வாரத்துல ஓரமெல்லாம் கருக்க ஆரம்பிக்கும். வயசு ஏற ஏற உடம்பும் கொஞ்சம் கருக்கும், அதுவும் இயல்புதான்.

இப்ப ஆபரேஷன் இடத்துக்கு வருவோம். ஷேவ் பண்ணதும் அந்தத் தோலுக்குப் போர்வை போயிடுச்சு, காத்து நேரா படுது, ஏசி ரூம்னா கேக்கவே வேணாம், அந்த நேரத்துல வேர்லேர்ந்து வர்ற முடி கருப்பாதான் வரும். இதே மாதிரி ஹிமாலயன் முயலுக்கு முதுகுல முடியை எடுத்துட்டு ஐஸ் பேக் கட்டி வச்சுப் பார்த்திருக்காங்க, அங்க கருப்பு முடிதான் முளைச்சுது.

சரி, என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ண வேணாம். வெளிய வந்துட்ட முடி இனிமே கலர் மாறாது, ஏன்னா அது செத்த பொருள், அதனால எண்ணெய் ஷாம்பூ எதுலயும் காசு போடாதீங்க. இப்ப அந்த இடத்தை முடி மூடிடுச்சுல்ல, தோல் பழைய சூட்டுக்கு வந்திருக்கும், அடுத்த தடவை முடி கொட்டி புதுசா வரும்போது பெரும்பாலும் பழைய க்ரீம் கலரே வந்துடும், அதுக்கு சில மாசம் ஆகும், பொறுமையா இருங்க. வெயில் காலம்னு உடம்பு முழுக்க மட்டும் ஷேவ் பண்ணிடாதீங்க, முழுசுமே கருத்து வர வாய்ப்பு இருக்கு.

ஃபோன்ல ஃப்ளாஷ் போட்டு எடுத்தா கண்ணு செக்கச்செவேல்னு தெரியுதேன்னும் நிறைய பேர் பயப்படுறாங்க. அதுவும் இதே ஜீன்தான், கண்ணுல நிறமி கம்மி, சயாமீஸ் பூனைக்குக் கண்ணு நீலமா இருக்கிறதும் அதனாலதான்.

ஆனா முடியை விலக்கித் தோலைப் பாருங்க. தோல் சுத்தமா இருந்து முடி மட்டும் கருப்புன்னா விட்டுடுங்க. சிவந்து, வீங்கி, செதில் செதிலா உதிர்ந்து, வட்டமா முடி கொட்டி, பூனை அங்கயே நக்கிட்டு இருந்தா அது கலர் விஷயம் இல்ல, படர்தாமரையோ தையல் இடத்துல தொற்றோ இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.