ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரகம் மந்தமாகிவிட்டது. டயாலிசிஸ் செய்யாமல் டாக்டர்கள் காத்திருப்பது சரியா?

ஐசியூ வாசலில் உட்கார்ந்துதான் இந்தக் கேள்வியை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஐந்து நாள் உட்கார்ந்தவன்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. மறுநாள் இரவு சிறுநீர் குறையத் தொடங்கியது. அவர் எடை 64 கிலோ. ஒரு கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கில் மணிக்கு 32 மில்லியாவது வர வேண்டும். வந்தது 10, 15. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 0.9-இலிருந்து 2.1, அடுத்த நாள் 3.4. "டயாலிசிஸ் போடுங்கள்" என்று கத்தினேன். இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டரம்மா, "பொட்டாசியம் ஏறவில்லை, நுரையீரலில் நீர் சேரவில்லை, ரத்தத்தில் அமிலமும் கூடவில்லை. பார்க்கலாம் சார்" என்றார். மெஷின் காலியில்லாததால் சாக்குச் சொல்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஐந்தாம் நாள் காலை ஒரே மணி நேரத்தில் 90 மில்லி. நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினார். டயாலிசிஸ் இல்லாமலே கிரியாட்டினின் இறங்கியது.

அப்புறம்தான் 2020இல் வெளியான ஸ்டார்ட்-ஏகேஐ ஆய்வைப் படித்தேன். ஐசியூவில் சிறுநீரகம் திடீரெனப் பாதித்த சுமார் 2,900 பேர். ஒரு பாதிக்குச் சீக்கிரமே டயாலிசிஸ். மறுபாதிக்குத் தேவை வந்தால் மட்டும். 90 நாளில் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 44 சதவீதம். காத்திருந்த பக்கத்தில் 38 சதவீதம் பேருக்கு டயாலிசிஸே செய்யப்படவில்லை. பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸை விட முடியாதவர்கள், சீக்கிரம் தொடங்கிய பக்கத்தில் 10.4 சதவீதம், மறுபக்கம் 6.

சரி, "நீ என்ன டாக்டரா?" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. காத்திருந்ததால்தான் அப்பா பிழைத்தார் என்றும் சொல்லவில்லை. அந்த ஆய்வில் எல்லாரும் ஆபரேஷன் ஆனவர்களும் அல்ல. உடனே டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டியவர்களை அதில் சேர்க்கவும் இல்லை. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது "ஏன் செய்யவில்லை" என்பதல்ல. பொட்டாசியம் எவ்வளவு, மூச்சு எப்படி, அமிலம் எப்படி, எது மாறினால் தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அங்கே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் கோபமெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி மேல்தான். அதில் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வலிக்கு எழுதியிருந்ததோ டைக்ளோஃபெனாக், அதாவது சிறுநீரகம் அடிவாங்கியவர் தொடக்கூடாத மாத்திரை! நான் கவனித்துக் கேட்ட பிறகு மாற்றினார்கள். கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான் வருமாம். அப்பா வயதையும் 46 என்று அடித்திருந்தார்கள். அவருக்கு 71.